செயற்கைக்கோள் பார்க்காத பனி

துருவப் பனியைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளில் பெரும்பாலும் ஒரு வாக்கியம் இடம்பெற்றுவிடுகிறது. 'அண்டார்டிகாவின் பனி குறைந்துவருவதைச் செயற்கைக்கோள்கள் காட்டுகின்றன' என்பதே அது. நாளிதழ் இணைப்புகளிலும், சிற்றிதழ்களின் சுற்றுச்சூழல் சிறப்பிதழ்களிலும், கருத்தரங்க மேடைகளிலும் சற்றே மாறிய வடிவங்களில் இது திரும்பத் திரும்ப வருகிறது. வாக்கியம் பொய்யன்று. ஆயினும் இலக்கணம் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அதன் எழுவாய் உறுத்துகிறது.

வினையைச் செய்தவர் யார் என்று கேட்டால், விண்ணில் தானே சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு கருவியின் பெயர் விடையாக வருகிறது. பனிவெளியின்மேல் தாழப் பறந்து, வயலில் உழவுசால் இடுவதுபோல் கோடு கோடாக அளந்து திரும்பும் விமானங்களும் அவற்றுள் அமர்ந்திருப்போரும் அந்த வாக்கியத்தில் எங்குமே இல்லை. இது வெறும் நடைப்பிழை என்றால் விட்டுவிடலாம். செயற்கைக்கோள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற நம்பிக்கை, இனி யாரும் அங்கே போய் அளக்கத் தேவையில்லை என்ற முடிவுக்கு நம்மை மெல்ல இட்டுச்செல்கிறது. அந்த முடிவை மறுக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

செயற்கைக்கோள் எதைப் பார்க்கிறது என்பதை முதலில் நேர்மையாகச் சொல்லிவிடுவோம். 2003 முதல் 2009 வரை இயங்கிய ஐஸ்சாட், 2010-இல் ஏவப்பட்ட கிரையோசாட்-2, 2018-இல் ஏவப்பட்ட ஐஸ்சாட்-2 ஆகியவை பனியின் மேற்பரப்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை அளந்தன. 2002 முதல் 2017 வரை சுற்றிய கிரேஸ் இரட்டைக் கோள்களும் 2018-இல் அவற்றின் இடத்துக்கு வந்த புதிய இணையும் பனியின் ஈர்ப்பு மாற்றத்தை அளந்து, எடை எவ்வளவு குறைந்தது என்று கூறின. கிரீன்லாந்து ஆண்டுக்குச் சராசரியாக 27,000 கோடி டன் அளவுக்கும், அண்டார்டிகா ஏறத்தாழ அதில் பாதியளவுக்கும் பனியை இழந்துவந்திருப்பதை அப்படித்தான் அறிந்தோம். இவை பெரும் சாதனைகள். இவற்றைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று.

ஆனால் மேற்பரப்பின் உயரமும் மொத்த எடையும் இதுவரை நடந்ததைச் சொல்லும் எண்கள். ஒரு பனியாறு இனி எவ்வளவு விரைவாகக் கடலை நோக்கிச் சரியும் என்பது, அது எதன்மேல் கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. அடியில் இருப்பது கரடுமுரடான மலையா, வழுக்கும் சேறா, கடல்மட்டத்துக்குக் கீழே இறங்கும் பள்ளமா, வெதுவெதுப்பான கடல்நீர் உட்புக வழிவிடும் கால்வாயா? அண்டார்டிகாவில் சராசரியாக ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தடிமனுள்ள பனி இந்தக் கேள்விகளை மூடிக்கொண்டு கிடக்கிறது. அந்தப் பனி முழுதும் கரைந்தால் உலகக் கடல்மட்டம் சுமார் 58 மீட்டர் உயரும். அவ்வளவும் நாளையே கரைந்துவிடப் போவதில்லை. ஆனால் எந்தப் பகுதி முதலில், எந்த வேகத்தில் என்ற வினாவுக்கு விடை அடித்தளத்தில் இருக்கிறது.

அந்த அடித்தளத்தை விண்ணிலிருந்து நேரடியாக அளப்பதற்கென்றே பூமிக்கு அனுப்பப்பட்ட ராடார் செயற்கைக்கோள் இதுவரை இல்லை. பனியை ஊடுருவுவதற்குக் குறைந்த அதிர்வெண் கொண்ட அலை வேண்டும். அத்தகைய அலையை வளிமண்டலத்தின் மேலுள்ள அயனியடுக்கு சிதைக்கிறது. அந்த அலைவரிசைகள் பூமியில் வேறு பல பயன்பாடுகளுக்கென ஒதுக்கப்பட்டும் உள்ளன. இதில் ஒரு முரண் இருக்கிறது. செவ்வாய்க் கோளின் துருவப் பனியை ஊடுருவிப் பார்க்கும் ராடார்களை மனிதர் அங்கே அனுப்பியிருக்கிறார்கள். 2003-இல் புறப்பட்ட மார்ஸ் எக்ஸ்பிரஸும் 2005-இல் புறப்பட்ட மற்றோர் அமெரிக்கக் கலமும் அவற்றைச் சுமந்து சென்றன. செவ்வாயின் பனிக்கு அடியில் இருப்பதைச் சுற்றுப்பாதையிலிருந்தே பார்க்க முடிகிறது. நம் கடல்களின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் பனிக்கு அடியில் இருப்பதைப் பார்க்கவோ, ஒரு விமானத்தில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு புறப்பட வேண்டியிருக்கிறது.

*

விமானம் இந்த வேலைக்கு வந்த கதை ஒரு கோளாறில் தொடங்குகிறது. துருவப் பகுதிகளில் பறந்த விமானங்களின் ராடார் உயரமானிகள் தவறான உயரம் காட்டுவதாகப் புகார் எழுந்தது. அலை பனியின் மேற்பரப்பில் எதிரொலிக்காமல் உள்ளே புகுந்து சென்றதே காரணம். விமானிக்கு ஆபத்தான இந்தப் பிழையை அளவைக் கருவியாக மாற்றலாம் என்று கண்டவர்களுள் ஒருவர் அமெரிக்க ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவைச் சேர்ந்த அமோரி வெயிட். கேம்பிரிட்ஜில் ஸ்காட் துருவ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டான்லி எவன்ஸ் 1960களின் தொடக்கத்தில் அதற்கென ஒரு கருவியை உருவாக்கினார். அலை பனிக்குள் ஒரு மைக்ரோநொடியில் சுமார் 168 மீட்டர் செல்லும். அடிப்பாறையில் மோதித் திரும்ப எவ்வளவு நேரமாயிற்று என்று அறிந்தால் பனியின் தடிமன் கிடைத்துவிடும்.

1967 முதல் 1979 வரை அந்த நிறுவனமும், அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையும், டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, பெரிய ராணுவச் சரக்கு விமானங்களில் இக்கருவியை ஏற்றி, ஏறத்தாழ 4 லட்சம் கிலோமீட்டர் நீளத்துக்கு அண்டார்டிகாவின்மேல் பறந்தன. எதிரொலிகள் 35 மில்லிமீட்டர் படச்சுருள்களில் பதிவாயின. பனிக்கு அடியில் மலைகளும் பள்ளத்தாக்குகளும் ஏரிகளும் உள்ள ஒரு கண்டம் அந்தச் சுருள்களில் முதன்முதலாக உருவம் பெற்றது.

அந்தக் காலத்து அளவைக்கு ஒரு பெருங்குறை இருந்தது. எதிரொலியைப் பதிந்துகொண்ட கணத்தில் விமானம் எங்கே இருந்தது என்பது சரியாகத் தெரியவில்லை. புறப்பட்ட இடத்திலிருந்து திசையையும் வேகத்தையும் கூட்டிக்கொண்டே சென்று இடத்தைக் கணக்கிடும் கருவிகளை நம்பினார்கள். பல மணிநேரம் பறந்தபின் பிழை சில கிலோமீட்டராகப் பெருகியிருக்கும். அடையாளத்துக்கு ஒரு மரமோ கோபுரமோ ஆறோ இல்லாத வெண்பரப்பில் அதைத் திருத்திக்கொள்ள வழியும் குறைவு. இடம் தெரியாத அளவு, ஊர்ப்பெயரும் நாளும் அழிந்துபோன கல்வெட்டைப் போன்றது. இருக்கிறது என்று சொல்லலாம். எதையும் நிறுவ முடியாது.

இங்கேதான் செயற்கைக்கோள் தன் உண்மையான பங்கோடு வருகிறது. ஜி.பி.எஸ். கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியவாறு தம் அணுக்கடிகாரங்களின் நேரத்தை ஓயாமல் அறிவிக்கின்றன. அந்த அறிவிப்புகள் வந்துசேர எடுத்துக்கொண்ட காலத்திலிருந்து விமானம் தன் இடத்தைக் கணக்கிடுகிறது. நேரத்தில் ஒரு மைக்ரோநொடி பிசகினால் இடத்தில் 300 மீட்டர் பிசகும். கையிலிருக்கும் தொலைபேசிக்குச் சில மீட்டர் பிழை போதும். ஆண்டுக்குச் சில பத்துச் சென்டிமீட்டர் தாழும் பனிக்கு அது போதாது. எனவே இடம் துல்லியமாகத் தெரிந்த ஒரு நிலையத்தில் மற்றொரு ஏற்பியை வைத்து, இரண்டின் பதிவுகளையும் பின்னர் ஒப்பிட்டு, அலையின் அலைவுநிலை வரை எண்ணி, பிழையைச் சில சென்டிமீட்டர் அளவுக்குக் குறைக்கிறார்கள்.

துருவத்தில் அதுவும் எளிதன்று. ஜி.பி.எஸ். கோள்களின் பாதை நிலநடுக்கோட்டுக்கு 55 பாகை சாய்ந்தது. ஆகவே அவை துருவத்தின் தலைக்குமேல் ஒருபோதும் வருவதில்லை. தென்துருவத்தில் நிற்பவருக்கு அவை அடிவானிலிருந்து சுமார் 45 பாகைக்குமேல் ஏறா. சுற்றிலும் கோள்கள், உச்சியில் வெறுமை என்ற இந்த அமைப்பில், கிடைமட்ட இடத்தைவிட உயரத்தைத் துல்லியமாகப் பெறுவது கடினம். பனியளவைக்கு மிகவும் வேண்டியதோ அந்த உயரம்தான். மேலும், துருவ ஒளி தோன்றும் வானில் அயனியடுக்கு கொந்தளித்து அலைகளைத் தடுமாறச் செய்கிறது. எல்லாவற்றையும் பார்க்கும் விண்கண் என்று நாம் கொண்டாடும் அமைப்பு, பூமியில் மிகக் குறைவாக வசதி செய்து தந்திருக்கும் இடங்களுள் ஒன்று இதுவே.

ஈர்ப்பு அளவையில் இந்த இடமறிதலின் அருமை இன்னும் தெளிவாகும். ராடார் அலை உப்புநீரை ஊடுருவாது. கடலில் மிதக்கும் பனித்தட்டுகளுக்கு அடியிலுள்ள கடற்படுகையை அது காட்டாது. அங்கே ஈர்ப்புமானி தேவைப்படுகிறது. பாறை மேலெழுந்த இடத்தில் ஈர்ப்பு சற்றுக் கூடும்; பள்ளத்தில் குறையும். அந்த வேறுபாடு மொத்த ஈர்ப்பில் லட்சத்தில் சில பங்கு, சிலசமயம் பத்து லட்சத்தில் சில பங்கு. காற்றில் விமானம் சற்றே தூக்கிப்போடப்பட்டால் கருவி உணரும் முடுக்கம் அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரிது. சந்தை இரைச்சலில் ஒருவரின் மூச்சைக் கேட்பது போன்றது இது. விமானம் ஒவ்வொரு கணமும் எங்கிருந்தது என்பதை ஜி.பி.எஸ். பதிவிலிருந்து எடுத்து, அதன் அசைவைக் கணக்கிட்டுக் கழித்தபின்தான் பாறையின் குரல் மிஞ்சுகிறது. செயற்கைக்கோள் இங்கே பனியைப் பார்க்கவே இல்லை. பார்ப்பவர் எங்கே இருக்கிறார் என்று மட்டும் சொல்கிறது.

*

இப்படிப் பறந்தவர்கள் கண்டவற்றில் சிலவற்றைச் சொல்கிறோம்.

கிழக்கு அண்டார்டிகாவின் நடுவே காம்பர்ட்செவ் என்றொரு மலைத்தொடர் முழுவதுமாகப் பனிக்குள் புதைந்து கிடக்கிறது. 1958-இல் சோவியத் பயணக் குழு நில அதிர்வு முறையில் அதன் இருப்பைக் கண்டது. 2008-09 கோடையில் ஏழு நாடுகளின் ஆய்வாளர்கள் இரட்டை எந்திரச் சிறுவிமானங்களில் சுமார் 1,20,000 கிலோமீட்டர் பறந்து அதை வரைந்தார்கள். பனி மேலிருந்து விழும் பொழிவால்தான் வளர்கிறது என்பது அதுவரையிலான பாடம். அடியிலுள்ள நீர் மீண்டும் உறைந்து பனியைக் கீழிருந்தும் தடிக்கச் செய்கிறது என்பதை ராபின் பெல்லும் அவருடைய குழுவினரும் அந்த ராடார் படங்களிலிருந்து 2011-இல் காட்டினார்கள்.

மேற்கு அண்டார்டிகாவின் த்வைட்ஸ் பனியாற்றை 2004-05-இல் அமெரிக்க, பிரித்தானியக் குழுக்கள் விமானங்களில் விரிவாக அளந்தன. அதன் படுகை கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. உள்நோக்கிச் செல்லச் செல்ல இன்னும் தாழ்கிறது. பனியின் விளிம்பு பின்வாங்கும்போது மேலும் ஆழமான நீரில், மேலும் தடித்த பனியோடு நிற்க நேரும் என்பதே இதன் பொருள். தடித்த பனி விரைந்து வழியும். விளிம்பு மேலும் பின்வாங்கும். இந்த ஒரு பனியாறு கரைந்தால் மட்டும் கடல்மட்டம் அரை மீட்டருக்கு மேல் உயரும். மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அங்கே தெரிவது வெண்ணிறச் சமவெளி.

2025 மார்ச்சில் வெளியான பெட்மேப்-3 என்னும் வரைபடம் இவற்றையெல்லாம் தொகுக்கிறது. ஆறு பதின்மங்களின் அளவைகளிலிருந்து 8.2 கோடிப் புள்ளிகள். அண்டார்டிகாவின் மிகத் தடித்த பனி இருப்பதாக முன்பு கருதப்பட்ட இடம் அதில் மாறியது. வில்க்ஸ் நிலத்தில், பெயரில்லாத ஒரு பள்ளத்தாக்கில், 4,757 மீட்டர். 21-ஆம் நூற்றாண்டின் கால்பகுதி கழிந்த பிறகும் இவ்வளவு பெரிய உண்மை திருத்தப்படுகிறதென்றால், எல்லாம் பார்க்கப்பட்டுவிட்டது என்பவர்கள் எதைப் பார்த்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

*

இனி நம் இலக்கியச் சூழலோடு வழக்கு. துருவம் என்றதும் நம் வாசகருக்கு நினைவு வருபவை இரண்டு. ஒன்று, வெறுமையின் படிமம். மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கென்ஸ்டைன்' (1818) வடதுருவப் பனியில் தொடங்கி அங்கேயே முடிகிறது. எட்கர் ஆலன் போவின் ஒரே நாவல் (1838) தென்திசைக் கடலின் வெண்மைக்குள் சென்று மறைகிறது. அங்கே சென்றறிந்தவர் மிகச் சிலரே என்ற காலத்தில் அவர்கள் வெறுமையைக் கற்பனை செய்ததில் குற்றமில்லை. இன்று தமிழில் எழுதும் கவிஞர் துருவத்தை வெற்றுத்தாளுக்கும் மறதிக்கும் மரணத்துக்கும் உவமையாக்கும்போது, அறியாமையை ஆழம் என்று விற்கிறார். அந்தத் தாள் வெற்றுத்தாள் இல்லை. அதன் அடியில் மலைத்தொடர்களும், 240 கிலோமீட்டருக்கு மேல் நீளமான வோஸ்டோக் ஏரியும் உள்ளன.

மற்றொன்று, வீரரின் கதை. 1911 டிசம்பர் 14-இல் அமுண்ட்சென் தென்துருவம் அடைந்தார். 1912 ஜனவரி 17-இல் ஸ்காட் அடைந்தார். ஸ்காட்டும் தோழர்களும் திரும்பும் வழியில் மாண்டனர். இக்கதையை நம்மவர்கள் சலிக்காமல் சொல்வார்கள். மாண்டவர்கள் கடைசிவரை கைவிடாமல் இழுத்துவந்த 35 பவுண்டுக் கற்களைப் பற்றிச் சொல்பவர் குறைவு. அவற்றில் குளோசாப்டெரிஸ் என்ற தாவரத்தின் புதைபடிவம் இருந்தது. இந்தியாவிலும் கிடைக்கும் அதே தாவரம், இன்று கடல்கள் பிரித்திருக்கும் நிலங்கள் ஒருகாலத்தில் ஒன்றாயிருந்தன என்பதற்குச் சான்றாயிற்று. அப்பயணத்தின் நிலைத்த பயன் கொடியில் இல்லை, கல்லில் இருந்தது. அதைத் தொடர்பவர்கள், ஒரே உயரத்தில் ஒரே வேகத்தில் மணிக்கணக்காகப் பறந்து, திரையில் ஓடும் கோட்டைக் கண்காணித்து, இரவில் பதிவுகளைப் பிரதியெடுக்கும் இன்றைய அளவையாளர்கள். அவர்கள் வேலையில் உச்சக்கட்டம் இல்லை என்பதால் அது கதையாவதில்லை.

அளப்பது கவிதைக்குப் பகை என்று வாதிடும் நண்பர்களுக்குத் தொல்காப்பியத்தை நினைவூட்டுகிறோம். அகத்திணையில் நிலமும் பொழுதும் முதற்பொருள். கருவும் உரியும் அவற்றுக்குப் பின்னரே. எந்த நிலம், எந்தப் பொழுது என்று அறியாமல் உணர்ச்சியைச் சொல்ல முடியாது என்று கருதிய மரபில் வந்தவர்கள், நிலத்தையும் பொழுதையும் நுணுகி அளக்கும் ஒரு தொழிலை வறண்ட தொழில்நுட்பம் என்று ஒதுக்குவது நம் மரபுக்கே முரண்.

*

எதிர்வாதங்கள் உண்டு. கணினி மாதிரிகள் இடைவெளிகளை நிரப்பிவிடும் என்பார்கள். ஓரளவு உண்மை. டென்மன் பனியாற்றின் அடியில் ராடார் எதிரொலியைத் தெளிவாகப் பெற முடியாத பள்ளம், கடல்மட்டத்துக்குக் கீழே 3,500 மீட்டருக்கும் ஆழமானது என்று 2019-இல் கணக்கிட்டே அறிந்தார்கள். உள்ளே வரும் பனி எங்கேனும் வெளியேறித்தானே ஆகவேண்டும் என்ற எளிய தருக்கம் அது. ஆனால் அந்தக் கணக்கு ஊன்றி நின்றது விமானங்கள் அளந்த கோடுகளின்மேல். உரையாசிரியர் எவ்வளவு வல்லவராயினும் மூலச் சுவடி சில ஏடுகளாவது கையில் இருக்க வேண்டும்.

விமானமும் எரிபொருளை எரித்துக் கரியைக் கக்குகிறதே என்பார்கள். கக்குகிறது. உலகின் பயணிகள் விமானங்களோடு ஒப்பிட்டால் அது துளி என்பதும், அந்தத் துளிக்கு ஈடாகக் கிடைப்பதை வேறெவ்வகையிலும் பெற முடியாது என்பதும் நம் விடை.

அண்டார்டிகாவுக்கும் நமக்கும் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. பெரும் பனிப்படலம் தன் எடையால் அருகிலுள்ள கடல்நீரைத் தன்பால் ஈர்த்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் அந்த ஈர்ப்பும் குறைந்து, அருகே கடல் தாழும். தொலைவில் சராசரியைவிட அதிகமாக உயரும். மேற்கு அண்டார்டிகா சரிந்தால் அவ்வாறு கூடுதலாக உயரக்கூடிய கடல்களில் இந்தியப் பெருங்கடலும் ஒன்று என்று 2009-இல் வெளியான கணக்கு காட்டியது. தூத்துக்குடியின் உப்பளமும் வேதாரண்யத்தின் சதுப்பும் யாழ்ப்பாணத்துக் கிணறும் அந்தக் கடலின் கரையில் இருப்பவை.

எல்லாவற்றிலும் வலிய காரணம் காலம். முன்பு சொன்ன 35 மில்லிமீட்டர் படச்சுருள்கள் நாற்பதாண்டுகளுக்குப்பின் எண்வடிவுக்கு மாற்றப்பட்டன. 1978-இல் த்வைட்ஸின் மிதக்கும் பனித்தட்டின்மேல் பறந்த ஒரு கோட்டைப் பிற்கால அளவைகளோடு ஒப்பிட்டு 2019-இல் வெளியான ஆய்வு, 2009-க்குள் அதன் கிழக்குப் பகுதி இடத்துக்கு இடம் 10 முதல் 33 விழுக்காடு வரை மெலிந்திருந்ததைக் காட்டியது. அன்று பறந்தவர்கள் இந்தக் கேள்விக்காகப் பறக்கவில்லை. அவர்கள் பறக்காமல் இருந்திருந்தால் எந்தச் செயற்கைக்கோளும் பின்னோக்கிச் சென்று 1978-இன் தடிமனை அளந்து தந்திருக்காது. ஐஸ்சாட் 2009-இல் பழுதானபோது, அடுத்த கோள் 2018-இல் ஏறும்வரை ஆண்டுதோறும் துருவங்களுக்கு விமானங்களை அனுப்பி இடைவெளியை நிரப்பியது நாசாவின் ஐஸ்பிரிட்ஜ் திட்டம். அத்திட்டம் 2019-இல் தன் பறத்தலை முடித்துக்கொண்டது. அளக்கத் தவறிய ஆண்டை எவ்வளவு பணம் கொடுத்தும் பின்னர் வாங்க முடியாது.

ஆகவே இதழாசிரியர்களிடமும் மொழிபெயர்ப்பாளர்களிடமும் நம் கோரிக்கை சிறியது. 'செயற்கைக்கோள்கள் காட்டுகின்றன' என்று எழுதுமுன், உண்மையில் அளந்தது யார், எதிலிருந்து, எந்த ஆண்டில் என்று ஒருமுறை கேளுங்கள். பனிக்கு அடியிலுள்ளதைப் பற்றிய செய்தியாயின் விடை பெரும்பாலும் ஒரு விமானமாக இருக்கும். அந்த விமானத்தை வாக்கியத்தில் எழுவாயாக வையுங்கள். யாரும் பறக்காமலே எல்லாம் தெரிந்துவிடும் என்று நம்பும் சமூகம், பறப்பதற்கான செலவு வெட்டப்படும் நாளில் அதைக் கவனிக்கக்கூடச் செய்யாது.